லூயிஸ் தீவில் ஒரு பரண்: போர்க்காலக் காகிதங்களையும் குடும்பப் பதிவுகளையும் காப்பாற்றுவது எப்படி

என் கணவருடைய பாட்டி வீடு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், வடகோடியில் நெஸ் பக்கம் இருக்கிறது. பல வருடம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பரணில் ஒரு பிஸ்கட் டின், ஒரு மரப்பெட்டி, ஒரு கேலிக் மொழி பைபிள். டின்னுக்குள் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெண்கல வட்டு ஒன்று, கறுத்துப்போய்க் கிடந்தது. குத்துவிளக்கு தேய்த்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? புளியைக் கரைத்துத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வட்டில் புடைத்திருந்த பெயரை விரலால் ஒருமுறை தடவினார். அப்புறம் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் வீட்டுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவு வட்டு அது. அதிலிருந்த பெயர் மாமியாருடைய தாத்தாவின் பெயர். நூறு வருடம் அந்த வீட்டில் இருந்து பழுத்த நிறத்தை அரை மணி நேரத்தில் நான் உரித்து எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இந்த வேலையில் கிடந்தேன். பாதி நேரம், நான் செய்த தவறுகளைச் சரிசெய்யவே போனது. திருமணம் வழியாகவோ, வேலை வழியாகவோ, ஊர் வரலாற்றுச் சங்கத்தில் கைகொடுக்கப் போயோ நீங்களும் இப்படி ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதலில் ஆள், அடுத்து காகிதம், கடைசியில்தான் இணையம். நான் தலைகீழாகப் போனேன்.

1. கை வைக்கும் முன் படம் எடுங்கள்

பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கத் தோன்றும். வேண்டாம். எது எதற்குள் இருந்தது என்பதே ஒரு தகவல். எங்கள் மரப்பெட்டியில் ஆறேழு பேர் நிற்கும் படம் ஒன்று இருந்தது. பின்புறம் ஒரு எழுத்துகூட இல்லை. அது இருந்த உறையில் ஜெர்மன் போர்க்கைதி முகாமின் முத்திரை இருந்ததால்தான் முகாமில் எடுத்த படம் என்று தெரிந்தது. உறை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போயிருந்தால், யாரோ ஆறேழு பேர். அவ்வளவுதான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் டின்னுக்கும் ஒரு எண் கொடுங்கள். மூடியபடி ஒரு படம், திறந்ததும் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கையும் எடுக்க எடுக்க ஒரு படம். போன் கேமராவே போதும். எண்ணைத் தனிச்சீட்டில் எழுதி அருகில் வையுங்கள். பொருளின் மேல் எழுதாதீர்கள்.

செய்யக் கூடாதவை: செல்லோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது, ஒட்டிக்கொண்ட மடிப்பை இழுத்துப் பிரிப்பது. பதக்கத்துக்கும் வட்டுக்கும் பாலிஷ் கூடாது. புளியும் கூடாது. கடிதங்களைக் கழுவிய, நன்றாக உலர்ந்த வெறுங்கையால் எடுங்கள். பருத்திக் கையுறை போட்டால் தொடு உணர்வு போய் ஓரங்கள் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தோட்டா, கைத்துப்பாக்கி, ஷெல் மாதிரி எதையாவது கண்டால் தொடாதீர்கள். காரில் போட்டுக்கொண்டு காவல் நிலையம் போகவே கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, காவல்துறையின் 101 என்ற எண்ணை அழைத்துச் சொல்லுங்கள்; ஷெல் மாதிரி வெடிக்கக்கூடியது என்றால் அவசர எண் 999. நினைவுப் பொருள் என்றாலும், உரிமம் இல்லாத துப்பாக்கி சட்டப்படி குற்றம்தான்.

2. பெரியவர்களிடம் இந்த மாதமே போங்கள்

நான் முதல் நான்கு மாதத்தை இணையத்தில் செலவழித்தேன். அதற்குள், படங்களில் இருந்த பாதிப் பேரை அடையாளம் சொல்லியிருக்கக்கூடிய அடுத்த வீட்டுப் பாட்டி, தொண்ணூற்றொரு வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். பதிவேடுகள் எடின்பரோவில் பத்திரமாக இருக்கும். அடுத்த வருடமும் பார்க்கலாம்.

தீவில் புதிய முகத்தைப் பார்த்தால் பெரியவர்கள் கேலிக்கில் முதலில் கேட்பது "கோ லேஷ் ஊ?" என்பதுதான். நீ யாருடைய ஆள் என்று அர்த்தம். நம் கிராமத்தில் திண்ணைப் பெரியவர் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பாரே, அச்சு அசல் அதுவே. இதற்கு உங்கள் தொழிலையோ சொந்த ஊரையோ சொல்லிப் பயனில்லை. எந்தக் கிராமம், எத்தனையாம் எண் நிலம், யாருடைய மருமகள் என்று சொல்லுங்கள். தேநீர் வந்துவிடும்.

நேரம் பார்த்துப் போவது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், போனும் செய்யாதீர்கள். லூயிஸில் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் வீடுகள் இன்றும் நிறைய. ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்துக்கும் திருவிருந்துக் காலம் உண்டு; வியாழன் முதல் திங்கள் வரை நீளும். அப்போதும் வேண்டாம். மே மாதம் வெயில் அடித்தால் ஆட்கள் பீட் வெட்டப் போய்விடுவார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் கரிமண். குளிர்காலத்து வாரநாள் சாயங்காலம்தான் நல்ல நேரம்.

"போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு படத்தை நீட்டி, "இந்த வீடு யாருடையது?" என்று கேளுங்கள். குறிப்பாக யோலர கப்பலைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். போர் முடிந்து ஊர் திரும்பிய கடற்படை ஆட்களை ஏற்றிவந்த அந்தக் கப்பல், 1919 ஜனவரி 1 விடியுமுன், தீவின் முக்கிய ஊரான ஸ்டோர்னவேயின் துறைமுகத்து வாசலில் பாறையில் மோதியது. 201 பேர் இறந்தார்கள். வட்டில் பெயர் உள்ள தாத்தாவும் அதில்தான் போனார். வீட்டில் அந்தப் பேச்சே இருந்ததில்லை என்று மாமியார் சொன்னார். தீவில் பல வீடுகளில் அப்படித்தான். என்னிடம் அதைப் பற்றி அவர் வாய் திறந்தது ஐந்தாவது தடவை உட்கார்ந்தபோது, அதுவும் அக்கம்பக்கத்து ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நடுவில்.

போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், ஆனால் முதலில் அனுமதி கேளுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே நாள், ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். இதை எங்கே வைக்கலாம், யார் கேட்கலாம் என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தாள் இல்லாவிட்டால் பின்னால் எந்த ஆவணக் காப்பகமும் பதிவை வாங்கத் தயங்கும். பேசுபவருக்கு கேலிக் வசதியென்றால் கேலிக்கிலேயே பேசட்டும். உங்களுக்குப் புரியவில்லையே என்று ஆங்கிலத்துக்கு இழுக்காதீர்கள். பாதி விஷயம் உதிர்ந்துபோகும். எழுதித் தர ஆள் பிறகு கிடைப்பார்கள்.

3. பெயர்ச் சிக்கலை அவிழ்த்துக்கொள்ளுங்கள்

காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். லூயிஸில் மெக்லௌட், மெக்டொனால்ட், மாரிசன், மெக்கைவர், மெக்கன்சி, ஸ்மித் என்ற சில குடும்பப் பெயர்களுக்குள் பாதித் தீவு அடங்கிவிடும். மூத்த பையனுக்கு ஒரு தாத்தா பெயர், அடுத்தவனுக்கு இன்னொரு தாத்தா பெயர் என்று வைப்பது வழக்கம். இரண்டு தாத்தாவுக்கும் ஒரே பெயர் என்றால்? ஒரே வீட்டில் இரண்டு டொனால்ட் உயிரோடு இருப்பார்கள். எழுத்துப் பிழை என்று ஒருவரை அடித்துவிடாதீர்கள், நான் அடித்தேன்.

அதனால் ஊருக்குள் யாரும் குடும்பப் பெயரைச் சொல்லி ஆளைக் குறிப்பதில்லை. இன்னாருடைய மகன் இன்னாருடைய மகன் இன்னான் என்று அப்பன் பாட்டன் வழியாக அடுக்கிச் சொல்வார்கள். அதற்கு ஸ்லோன்யக் என்று பெயர். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது வெகு சீக்கிரம் பிடிபடும். பட்டப்பெயர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஸ்லோன்யக்கையும் பட்டப்பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரசுப் பதிவேட்டில் இவை இருக்காது.

அடுத்த சிக்கல், கேலிக் பெயர் ஒன்று, பதிவேட்டில் ஏறிய ஆங்கிலப் பெயர் வேறு. தொரொமொத் என்பவர் பதிவேட்டில் நார்மன். கில்லெஸ்பிக் என்றால் ஆர்ச்சிபால்ட். ரூரி என்றால் ராடரிக். ஐரிக் என்ற பெண் ஒரு பதிவில் எஃபி, இன்னொன்றில் யூஃபீமியா, மூன்றாவதில் ஹென்ரியட்டா. முரஹக் என்பது மர்டோ ஆகிவிடும். (எனக்கு அது ஒவ்வொரு முறையும் முருகன் என்றே காதில் விழும்.) அப்பா பெயரோடு ஒரு வால் சேர்த்துப் பெண்ணுக்கு வைப்பதும் சகஜம்: மர்டீனா, டொனால்டீனா, கென்னத்தீனா.

பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கொம்பு உண்டு: கிராமப் பெயரும் நில எண்ணும். இங்கே ஒவ்வொரு குடும்பத்தின் சிறு விவசாய நிலத்துக்கும் க்ராஃப்ட் என்று பெயர். கிராமத்துக்குள் அதற்கு ஒரு எண் உண்டு. குடும்பப் பெயர் குழப்பும், எண் குழப்பாது. காகிதம், படம், பதக்கம் என்று எது கிடைத்தாலும் முதலில் எண்ணைத் தேடுங்கள்.

4. பிறப்பு, திருமணம், இறப்பு: இங்கேதான் காசு கரையும்

அரசின் அதிகாரபூர்வ இணையதளம் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள். 1855 ஜனவரி 1 முதல் கட்டாயப் பதிவு. அதற்கு முந்தையவை தேவாலயப் பதிவேடுகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் 1921 வரை இருக்கிறது.

பட்டியலில் தேடுவது இலவசம். பதிவின் படத்தைத் திறக்கத்தான் காசு. நான் வாங்கியபோது ஒரு கிரெடிட் 25 பென்ஸ், குறைந்தது 30 கிரெடிட் வாங்க வேண்டும், அதாவது 7 பவுண்டு 50. ஒரு பிறப்புப் பதிவின் படத்துக்கு 6 கிரெடிட், 1 பவுண்டு 50. சின்னத் தொகை என்றுதான் தோன்றும். ஒரே பத்தாண்டில் பிறந்த ஒன்பது மர்டோ மெக்லௌடுகளை ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன். பதிமூன்று பவுண்டு 50 போனது. எங்கள் மர்டோ ஒன்பதாவது ஆள்.

காசை மிச்சப்படுத்த, இறப்புப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் பொதுவாக இருக்கும். அம்மாவின் அந்தப் பெயர் கையில் இருந்தால் ஒன்பது மர்டோ இரண்டாகக் குறைந்துவிடுவார்கள். பெண்களைக் கல்யாணத்துக்கு முந்தைய பெயரிலும் தேடுங்கள். இங்கே பதிவேட்டிலும் கல்லறைக் கல்லிலும் பிறந்த வீட்டுப் பெயர் மறைவதில்லை.

நேற்றைய பதிவுகள் இணையத்தில் கிடைக்காது. பிறப்புக்கு 100 வருடம், திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 வருடம் கழிந்திருந்தால்தான் படம் திறக்கும். அதற்குப் பிந்தையதைப் பார்க்க வேண்டுமென்றால் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் மையத்துக்குப் போகலாம். நான் போனபோது நாள் கட்டணம் 15 பவுண்டு. அன்று முழுக்க எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். தேட வேண்டியதை முன்கூட்டியே பட்டியலிட்டுக்கொண்டு போங்கள். ஸ்டோர்னவேயிலிருந்து பெருநிலத்து உல்லாபுல் துறைமுகத்துக்குக் கப்பலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல், அதற்குப் பிறகு சாலை வழி வேறு. குளிர்காலத்தில் காற்று பலமாக வீசினால் கப்பல் ரத்தாகும்; முன்னும் பின்னும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு. வணிகத் தளங்களில் கிடைப்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். அங்கே தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காகத் தாத்தா அப்போது ஊரில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்காட்லாந்துப் பகுதி எடின்பரோவின் தேசியப் பதிவுத் துறையிடம் இருக்கிறது. விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

5. போர்ப் பதிவுகள்: கப்பல் பெயரை நம்பாதீர்கள்

இலவசமானதிலிருந்து தொடங்குங்கள். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் இறந்தவர் பெயரைப் போட்டால், பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் க்ராஃப்ட் எண்ணும் கிடைக்கும். சண்டை 1918 நவம்பரில் நின்றுவிட்டதே, 1919-ல் இறந்தவர் இதில் எப்படி இருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். முதல் போருக்கு அவர்கள் கணக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை போகிறது. யோலரவில் இறந்தவர்களும் உண்டு. இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரை. இறந்தவர், திரும்பி வந்தவர் இருவரையும் ஊர்வாரியாகச் சொல்லும் 'லாயல் லூயிஸ்' என்ற பழைய பட்டியல் நூலும் உண்டு. கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். முதல் போரின் தரைப்படைச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோயின. மிஞ்சியவை டபிள்யூஓ 363 வரிசையில் இருக்கின்றன. கோப்பு இல்லையென்றால் டபிள்யூஓ 372 வரிசையில் பதக்க அட்டையாவது கிடைக்கும். லூயிஸ்காரர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம்: இங்கே ஏராளமானோர் மீனவர்கள், கடற்படையின் ரிசர்வ் பிரிவில் இருந்தவர்கள். அந்த அட்டைகள் பிடி 377 வரிசையில் தனியாக இருக்கின்றன. தரைப்படைக் கோப்புகளில் தேடிக் களைத்துவிட்டு "எரிந்துபோச்சு போல" என்று கைவிடுபவர்கள் இதைப் பார்க்கவே மாட்டார்கள்.

கடற்படை அட்டையைப் படிக்கும்போது கவனம். அதில் பெம்ப்ரோக், விக்டரி, விவிட் என்று கப்பல் பெயர்கள் வரும். பெரும்பாலும் அவை கப்பலே இல்லை. பெம்ப்ரோக் என்றால் சாத்தம் ஊர் முகாம், விக்டரி போர்ட்ஸ்மவுத், விவிட் டெவன்போர்ட். எல்லாம் கரையில் இருந்த படைமுகாம்கள். தாத்தா நெல்சனின் விக்டரி கப்பலில் இருந்தார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லும் கதை இப்படித்தான் பிறக்கிறது. யோலர என்ற பெயரிலும் இதே குழப்பம். அது ஸ்டோர்னவே கடற்படைத் தளத்தின் பெயராகவும் இருந்தது. அட்டையில் அந்தப் பெயர் இருந்தாலே விபத்தில் இருந்தவர் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று குரோனிங்கன் என்று முத்திரை உள்ள படங்கள். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் ஜெர்மானியரிடம் விழுந்தபோது சுமார் 1,500 பிரிட்டிஷ் கடற்படை ஆட்கள் எல்லை தாண்டி நெதர்லாந்துக்குள் போய், போர் முடியும்வரை அங்கே குரோனிங்கன் ஊரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் லூயிஸ் ஆட்கள் கணிசம். ஜெர்மன் போர்க்கைதிப் பட்டியலில் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இரண்டாம் போரில் கைதானவர் என்றால், 1940 ஜூன் 12-ஐ நினைவில் வையுங்கள். அன்று பிரான்சின் செயின்ட் வலேரியில் 51-ஆம் ஹைலண்ட் டிவிஷன் சரணடைந்தது. சீஃபோர்த், கேமரன் படைப்பிரிவு ஆட்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள். எங்கள் மாமியாரின் அப்பாவும் அதில் ஒருவர். கைதி எண்ணும் முகாம் எண்ணும் அவர் அனுப்பிய அஞ்சலட்டையிலேயே இருக்கும். அதை வைத்து கியூவில் டபிள்யூஓ 416 வரிசையில் ஜெர்மானியர் எழுதிய அட்டையைத் தேடலாம். எங்களுக்குக் கிடைத்தது.

இரண்டாம் போரின் முழுச் சேவைக் கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் கியூவுக்கு மாற்றி வருகிறது. பிறந்து 115 வருடம் ஆகாதவர் என்றால் இறப்புச் சான்று இணைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், அன்றைய தேதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதக்கங்களைப் பற்றி ஒரு வரி. முதல் போர்ப் பதக்கங்களில் விளிம்பிலோ பின்புறமோ எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் ஆட்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது. அவை வந்த அட்டைப்பெட்டியின் முகவரிச் சீட்டு மட்டுமே சாட்சி. பெட்டி அழுக்காக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

6. ஸ்கேன்: உறையோடு சேர்த்து, இரண்டு பக்கமும்

அலுப்புப் பட்டு, 112 கடிதங்களை வெளியூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். 140 பவுண்டு. ஸ்கேன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடிதங்களை உறையிலிருந்து உருவி, கடிதம் ஒரு கட்டு, உறை ஒரு கட்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர்க்காலக் கடிதங்களில் தணிக்கை காரணமாக ஊர் இருக்காது, பலவற்றில் தேதியும் இருக்காது. உறையின் அஞ்சல் முத்திரைதான் எல்லாம். மடிப்பின் அகலத்தையும் மையின் நிறத்தையும் பார்த்துப் பார்த்து 80 கடிதங்களை மறுபடி ஜோடி சேர்த்தோம். மீதி இன்னும் அனாதைதான்.

அதனால் வீட்டிலேயே செய்யுங்கள். பழைய தட்டை ஸ்கேனர் ஒன்றை 40 பவுண்டுக்கு வாங்கினேன். கடிதங்களுக்கு 400 டிபிஐ, புகைப்படங்களுக்கு 600. மூலப்பிரதி டிஃப் வடிவில், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஜேபெக். எழுத்தே இல்லாவிட்டாலும் பின்பக்கத்தையும் எடுங்கள். தாள் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் பக்கமே போகாதீர்கள். கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும்: பெட்டி எண், உருப்படி எண், பக்க எண். கதையையெல்லாம் தனியாக ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள். மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, தீவுக்கு வெளியே ஒன்று. சாயங்காலத்துக்கு இருபது உருப்படி என்று வைத்தால் முடியும். அதற்கு மேல் போனால் எண் தப்பும்.

7. பெட்டியும் ஈரமும்

லூயிஸில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். பரண், கொட்டகை, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மூன்றும் வேண்டாம். வெப்பம் அதிகம் மாறாத உள்ளறையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். அமிலமில்லாத அட்டைப்பெட்டியும் பாலியெஸ்டர் உறையும் வாங்க எனக்கு 70 பவுண்டு ஆனது. பிவிசி ஆல்பம் உறைகள் மலிவு. ஆனால் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். படத்தின் பின்னால் பெயர் எழுதியே தீர வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், பால்பாயின்ட் வேண்டாம். கடிதங்களில் பீட் புகை வாசம் இருக்கும், போக்க முயலாதீர்கள்.

8. யாரிடம் கொடுப்பது, எதில் கையெழுத்துப் போடுவது

முதல் கதவு ஊர் வரலாற்றுச் சங்கம். கேலிக்கில் கொமுன் எக்த்ரி. நெஸ் சங்கம் 1977-லிருந்து இயங்குகிறது. தீவின் பல பகுதிகளிலும் இப்படிச் சங்கங்கள் உண்டு. பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துவது, எனவே திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். க்ராஃப்ட் எண்ணைச் சொன்னால் மூன்று தலைமுறையை அங்கேயே வரைந்து காட்டுவார்கள். பல சங்கங்களின் பதிவுகளை ஹெப்ரிடியன் கனெக்ஷன்ஸ் என்ற இணையதளம் ஆள், நிலம், படம் என்று கோத்துத் தருகிறது. இதே தீவின் தென்பகுதியான ஹாரிஸ் பக்கத்துக் குடும்பம் என்றால் நார்டனில் உள்ள ஷல்லம் மையத்துக்குப் போங்கள். லூயிஸ், ஹாரிஸ் எல்லாம் சேர்ந்த வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்துக் குடும்ப வம்சாவளிகள் அங்கே குவிந்திருக்கின்றன.

மூலக் காகிதங்கள் பெரிய தொகுப்பாக இருந்தால் ஸ்டோர்னவேயில் உள்ள தீவுகளின் ஆவணக் காப்பகம், தஸ்க்லன் நன் எலன். படைப்பிரிவு சார்ந்தவை மட்டும் என்றால் இன்வர்னஸ் அருகே ஃபோர்ட் ஜார்ஜில் உள்ள ஹைலாண்டர்ஸ் அருங்காட்சியகம். ஆனால் என் கருத்து, குடும்பப் பெட்டியைப் பிரித்துப் பதக்கத்தை ஓரிடம், கடிதத்தை ஓரிடம் கொடுக்காதீர்கள். காகிதங்கள் ஊரை விட்டுப் போனால் என்னவாகும் என்று நமக்குத் தெரியாததா? நம் ஊர்ச் சுவடிகளையெல்லாம் தேடித் தொகுத்த காலின் மெக்கன்சி ஸ்டோர்னவேயில் பிறந்தவர்தான். அவர் சேர்த்ததில் ஒரு பகுதி சென்னையிலும் ஒரு பகுதி லண்டனிலுமாகக் கிடக்கிறது.

கொடுக்கும்போது மூன்றில் எது என்று தெளிவாகக் கேளுங்கள்: நன்கொடையா, வைப்பா, நகல் எடுக்க மட்டும் கடனா. நன்கொடை என்றால் திரும்பி வராது. வைப்பு என்றால் உரிமை உங்களிடம், பராமரிப்பு அவர்களிடம். எழுத்தில் ரசீது வாங்காமல் ஒரு படத்தைக்கூடக் கைமாற்றாதீர்கள். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று நல்ல மனசோடு வாங்கிப்போகும் சொந்தக்காரரிடமும்தான். யார் நன்கொடையாளர் என்பதையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேரப்பிள்ளைகள், ஒருவர் நியூசிலாந்தில். எல்லாரிடமும் மின்னஞ்சலில் சம்மதம் வாங்கவே ஆறு வாரம் ஆனது.

காகிதம் உங்களுடையது என்பதால் அதிலுள்ள எழுத்தும் உங்களுடையது ஆகாது. கடிதத்தின் காப்புரிமை எழுதியவருடைய வாரிசுகளுக்கு. வெளியிடப்படாத பழைய கடிதங்கள் பலவற்றுக்கு பிரிட்டிஷ் சட்டப்படி அது 2039 முடியும்வரை இருக்கிறது, எழுதியவர் முதல் போரிலேயே இறந்திருந்தாலும். சங்கத்துக்குக் கொடுக்கத் தடையில்லை. முழுக்க இணையத்தில் ஏற்றும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியும் முகவரியும் வேண்டவே வேண்டாம்.

ஒப்படைக்கும் படிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் 'நிலை' என்று ஒரு கட்டம் இருக்கும். கிழிசல், கறை, முன்பு செய்த பழுதுவேலை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பிற்காலத்தில் அதைச் செப்பனிடும் ஆளுக்கு அது தேவை. எங்கள் பெட்டியைப் பதிவு செய்த தன்னார்வலர் அம்மா, வெண்கல வட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஏன் இவ்வளவு பளபளப்பு என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. அந்தப் பழத்துக்கு என்ன எழுத்துக்கூட்டல் என்று கேட்டு, கட்டத்தில் நிதானமாக எழுதிக்கொண்டார். மாமியார் அதை எட்டிப் பார்த்து, தேதியையும் போடச் சொன்னார்.